பாதி மெஷினுக்கு நெட் வருது, பாதிக்கு வரல: 192.168.0, 192.168.1, 169.254 மூணு மாதிரி ஐபியும் ஒரே ஆபீசுல

நூல்கண்டு | திங்கள், காலை 10:12

வணக்கம் நண்பர்களே. ஆடிட்டர் ஆபீஸ். 11 கம்ப்யூட்டர், விண்டோஸ் 10ம் 11ம் கலந்து. 16 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒண்ணு, செட்டிங்ஸ் எதுவும் இல்லாத சாதா ஸ்விட்ச். நெட்வொர்க் பிரிண்டர் ஒண்ணு. டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) டேட்டா ஒரு மெஷின்ல இருக்கு, அதுக்கு கையால போட்ட ஐபி 192.168.1.10. மத்தவங்க எல்லாம் அந்த நம்பரை வச்சுத்தான் டிரைவ் மேப் பண்ணியிருக்காங்க.

போன வியாழன் பழைய காப்பர் லைனை எடுத்துட்டு ஃபைபர் போட்டாங்க. புது ஃபைபர் மோடம் நேரா ஸ்விட்சுக்கு வருது. ரிசப்ஷன்ல வைஃபை எட்டலைன்னு அலமாரியில கிடந்த வேற ஒரு வைஃபை ரவுட்டரை எடுத்து, ஸ்விட்ச்லருந்து ஒரு கேபிள் இழுத்து அதோட லேன் போர்ட்ல சொருகியிருக்கோம்.

வெள்ளிக்கிழமையிலருந்து பிரச்சினை. காலையில ஆன் பண்ணினா நாலஞ்சு மெஷின்ல "இணைப்பு உண்டு, இன்டர்நெட் இல்லை"ன்னு வருது. மீதி நல்லா ஓடுது. எந்த மெஷின்ங்கிறது தினமும் மாறுது. இன்னைக்கு டேலி மெஷினே யாருக்கும் தெரியல.

செஞ்சு பார்த்தது: எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு. விண்டோஸ் ட்ரபிள்ஷூட்டர் ஒண்ணும் கண்டுபிடிக்கல. நெட் வராத மெஷின்ல டிஎன்எஸ் 8.8.8.8 (கூகுளோடது) போட்டுப் பார்த்தாச்சு, மாற்றமில்ல.


வேகவேலு | திங்கள், காலை 10:20

செட்டிங்ஸ் > நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் > அட்வான்ஸ்டு > நெட்வொர்க் ரீசெட். எல்லா மெஷின்லயும் கொடுங்க. நிறைய பேருக்கு இதுலயே சரியாயிடும்.


செம்புக்கம்பி | திங்கள், காலை 10:41

தயவுசெய்து ரீசெட் கொடுக்காதீர்கள், குறிப்பாக டேலி மெஷினில். நெட்வொர்க் ரீசெட் என்பது எல்லா அடாப்டரையும் கழற்றிவிட்டு மறுபடி நிறுவும். கையால் போட்ட ஐபி போய்விடும். விபிஎன், விர்ச்சுவல் மெஷின் ஏதும் இருந்தால் அதையும் திரும்ப நிறுவ வேண்டிவரும். நெட்வொர்க் எல்லாம் பப்ளிக் வகைக்கு மாறும், ஃபைல் ஷேரிங் நிற்கும். இருக்கிற குழப்பத்தோடு இன்னொன்று சேரும், அவ்வளவுதான்.

தவிர, பிரச்சினை தினமும் வேறு வேறு மெஷினுக்குத் தாவுகிறது என்கிறார். அப்படியானால் கோளாறு மெஷினுக்குள் இல்லை. வெளியே இருக்கிறது.

நூல்கண்டு, எதையும் மாற்ற வேண்டாம். மூன்று மெஷினில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக் /ஆல்' அடியுங்கள். நெட் வரும் மெஷின் ஒன்று, வராத மெஷின் ஒன்று, டேலி மெஷின். ஈதர்நெட் என்ற பகுதியில் ஐந்து வரி போதும்: டிஹெச்சிபி (ஐபியைத் தானாகக் கொடுக்கும் ஏற்பாடு) எனேபிள்டு ஆமா இல்லையா, ஐபிவி4 முகவரி, சப்நெட் மாஸ்க், டிஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வாசல்), டிஹெச்சிபி சர்வர். முகவரிக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ஏதாவது சொல் இருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள்.


நூல்கண்டு | திங்கள், காலை 11:05

மெஷின் அ (நெட் வருது): டிஹெச்சிபி ஆமா. 192.168.1.23. மாஸ்க் 255.255.255.0. கேட்வே 192.168.1.1. டிஹெச்சிபி சர்வர் 192.168.1.1.

மெஷின் ஆ (வரல): டிஹெச்சிபி ஆமா. 192.168.0.104. மாஸ்க் 255.255.255.0. கேட்வே 192.168.0.1. டிஹெச்சிபி சர்வர் 192.168.0.1.

டேலி மெஷின்: டிஹெச்சிபி இல்லை. ரெண்டு முகவரி காட்டுது. ஒண்ணு 169.254.87.12, பக்கத்துல 'ப்ரிஃபர்டு'. இன்னொண்ணு 192.168.1.10, பக்கத்துல 'டூப்ளிகேட்'. கேட்வே 192.168.1.1. டிஹெச்சிபி சர்வர் வரியே இல்ல.


செம்புக்கம்பி | திங்கள், காலை 11:24

கேட்டதை அப்படியே எழுதியதற்கு நன்றி. இதில் இரண்டு தனித்தனிக் கோளாறு இருக்கிறது. ஒன்றோடொன்று கலந்ததால்தான் பேய் பிடித்த மாதிரி தெரிகிறது.

முதலாவது, மெஷின் ஆ. டிஹெச்சிபி சர்வர் வரியைப் பாருங்கள். ஒரே ஸ்விட்சில் இருக்கும் இரண்டு மெஷினுக்கு இரண்டு வேறு சர்வர் ஐபி கொடுத்திருக்கின்றன. 192.168.1.1 உங்கள் ஃபைபர் மோடம். 192.168.0.1 ரிசப்ஷனில் வைத்த பழைய ரவுட்டர். அதன் டிஹெச்சிபியை யாரும் நிறுத்தவில்லை.

மெஷின் எழுந்ததும் "யாராவது எனக்கு ஐபி கொடுங்கள்" என்று நெட்வொர்க் முழுவதற்கும் கூவும். யுடிபி 67ம் போர்ட்டில் காதை வைத்திருக்கும் எல்லா சர்வருக்கும் அது கேட்கும். இரண்டுமே பதில் தரும். வழக்கமாக முதலில் வந்த பதிலை மெஷின் எடுத்துக்கொள்ளும். மோடம் முந்தினால் நெட் வரும். பழைய ரவுட்டர் முந்தினால் அதன் பெயரிலேயே கேட்வேயும் வரும். அந்த ரவுட்டரின் வேன் போர்ட்டில் (இன்டர்நெட் லைன் வரும் இடம்) ஒன்றும் இல்லை, ஆகவே வெளியே போக வழியில்லை. மெஷினைப் பொறுத்தவரை ஐபி இருக்கிறது, கேட்வே பிங்குக்கு ("இருக்கிறாயா" என்ற கேள்விக்கு) பதில் சொல்கிறது, எல்லாம் ஒழுங்கு. ட்ரபிள்ஷூட்டர் ஒன்றும் சொல்லாததும் அதனால்தான். தினமும் மெஷின் மாறுவது அன்றன்று எது முந்துகிறது என்பதைப் பொறுத்தது.

8.8.8.8 ஏன் உதவவில்லை என்றும் புரிந்திருக்கும். டிஎன்எஸ் என்பது பெயரை நம்பராக்கும் வேலை. இங்கே பாதையே இல்லை.

இரண்டாவது கோளாறை பாண்டி விளக்குவார் என்று நினைக்கிறேன், அவருக்குப் பிடித்த விஷயம்.


பாக்கெட்_பாண்டி | திங்கள், காலை 11:52

வந்துட்டேன்.

169.254 பார்த்தாலே "டிஹெச்சிபி கிடைக்கல"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க. பாதி உண்மைதான். டேலி மெஷின்ல டிஹெச்சிபியே ஆஃப். அப்புறம் எப்படி 169.254 வந்துச்சு? 'டூப்ளிகேட்'னு ஒரு சொல் இருக்கே, அதுலதான் விஷயம்.

விண்டோஸ் ஒரு ஐபியைப் போட்டுக்கறதுக்கு முன்னாடி "192.168.1.10 யாருகிட்டயாவது இருக்கா?"ன்னு ஏஆர்பி மூலமா ஒரு சத்தம் கொடுக்கும். யாராவது "நான்தான்"னு சொல்லிட்டா, கையால போட்ட ஐபியா இருந்தாலும் அதை ஒதுக்கி வச்சிட்டு, 169.254ல ஒரு நம்பரைத் தானே எடுத்துக்கும். அதாவது உங்க ஆபீசுல வேற ஏதோ ஒண்ணு 192.168.1.10ஐ வச்சிருக்கு.

அது எதுன்னு பிடிக்க:

1. டேலி மெஷின் கேபிளைக் கழட்டிடுங்க.
2. மெஷின் அ-ல நின்னு 'பிங் 192.168.1.10' அடிங்க. அதுக்கப்புறம் உடனே 'ஏஆர்பி -ஏ' அடிங்க. பிங்குக்குப் பதில் வரலைன்னாலும் ஏஆர்பி பட்டியல்ல 192.168.1.10க்கு எதிரே ஒரு மேக் முகவரி (சாதனத்தோட ஹார்டுவேர் நம்பர்) வந்தா ஆள் உள்ள இருக்கான்னு அர்த்தம். ஃபயர்வால் பிங்கை முழுங்கிடும், ஏஆர்பியை முழுங்காது.
3. அந்த மேக் முகவரியை மோடம் பேஜ்ல டிஹெச்சிபி கிளையன்ட் லிஸ்ட்டோட ஒப்பிடுங்க. பெயர் இருந்தா வேலை முடிஞ்சது. இல்லைன்னா முதல் ஆறு எழுத்து தயாரிப்பாளர் குறியீடு, அதை வச்சுத் தேடினா போனா கேமராவான்னு தெரிஞ்சிடும். மேக் ரேண்டமா மாத்திக்கற போன்னா மட்டும் இது செல்லாது.

டேலி மெஷின் ஈவன்ட் வியூவர்ல, விண்டோஸ் லாக்ஸ் > சிஸ்டம் போய் 4199ம் நம்பர் நிகழ்வைத் தேடுங்க. எந்த மேக்கோட மோதுச்சுன்னு அதுலயே எழுதியிருக்கும். நேரமும் இருக்கும்.

பழைய மோடம்ல இந்தச் சண்டை ஏன் வரல? அது 100க்கு மேலதான் நம்பர் கொடுத்திருக்கும். புது மோடம் 2லருந்து 254 வரைக்கும் மொத்தமா எனக்குத்தான்னு உட்கார்ந்திருக்கும். பந்தயம் கட்டலாம். டேலி மெஷின் ஆஃப்ல இருந்த நேரத்துல 10ஐ யாருக்கோ தூக்கிக் கொடுத்திருக்கு.


நூல்கண்டு | திங்கள், மதியம் 12:38

பந்தயத்துல நீங்க ஜெயிச்சீங்க. மோடம்ல ரேஞ்ச் 192.168.1.2 முதல் 192.168.1.254 வரை. லீஸ் (ஒரு ஐபியைக் கொடுக்கற கால அளவு) 86400 செகண்டுன்னு போட்டிருக்கு. 10ஐ வச்சிருக்கறது விரல் ரேகை வருகைப் பதிவு மெஷின். அது ராத்திரி பகல் ஆன்லயே இருக்கும். 4199 வெள்ளி காலையிலயும் இன்னைக்கு காலையிலயும் பதிவாகியிருக்கு. சனிக்கிழமை டேலி மெஷினை யாரும் ஆன் பண்ணல.

இப்ப எதை முதல்ல தொடணும்?


செம்புக்கம்பி | திங்கள், மதியம் 1:10

வரிசை முக்கியம். முதலில் பழைய ரவுட்டர்.

ஸ்விட்சிலிருந்து அதற்குப் போகும் கேபிளைக் கழற்றுங்கள். ஒரு லேப்டாப்பை மட்டும் அதன் லேன் போர்ட்டில் செருகுங்கள், லேப்டாப்பின் வைஃபையை அணையுங்கள். 192.168.0.1 திறந்து உள்ளே போங்கள்.

அதில் 'அக்சஸ் பாயின்ட் மோட்' என்று ஒரு தேர்வு இருந்தால் அதைக் கொடுத்தால் போதும், டிஹெச்சிபி தானாக நின்றுவிடும். பழைய மாடலில் இருக்காது. அப்போது கையால்: லேன் ஐபியை 192.168.1.2 என்று மாற்றி சேவ் செய்யுங்கள். ரவுட்டர் மறுபடி எழும். லேப்டாப் கேபிளைக் கழற்றிச் செருகினால் 192.168.1 வரிசையில் ஐபி வரும். இப்போது 192.168.1.2 திறந்து, டிஹெச்சிபி சர்வரை டிஸேபிள் செய்யுங்கள். இதைத் தலைகீழாக, டிஹெச்சிபியை முதலில் நிறுத்திவிட்டுச் செய்தால் லேப்டாப் ஐபி இல்லாமல் நடுவழியில் நிற்கும், உள்ளே போக கையால் ஐபி போட வேண்டிவரும்.

முடிந்ததும் ஸ்விட்ச் கேபிளை மறுபடி லேன் போர்ட்டில்தான் செருக வேண்டும். வேன் போர்ட்டில் செருகினால் அது தனக்கென்று தனி நெட்வொர்க் நடத்தப் பார்க்கும். இரண்டு பக்கமும் ஒரே 192.168.1 என்பதால் அங்கே இன்னொரு குழப்பம். வேன் போர்ட்டில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள், ரிசப்ஷனில் யாராவது துடைக்கும்போது மாற்றிச் செருகுவார்கள்.

அடுத்தது மோடம். டிஹெச்சிபி ரேஞ்சை 192.168.1.100 முதல் 192.168.1.199 என்று சுருக்குங்கள். 2 முதல் 49 வரை கையால் போடும் சாதனங்களுக்கு. பிரிண்டருக்கு 20, வருகைப் பதிவு மெஷினுக்கு 21, டேலிக்கு இருக்கிற 10.

இங்கே ஒரு நுணுக்கம். ரேஞ்சைச் சுருக்கினாலும் ஏற்கெனவே கொடுத்த ஐபியை மோடம் பிடுங்காது. வருகைப் பதிவு மெஷின் 10ஐ விடாமல் வைத்திருக்கும். 86400 செகண்ட் என்றால் 24 மணி நேரம். பாதி நேரம் கழிந்ததும், அதாவது 12 மணி நேரத்தில், அது புதுப்பிக்கக் கேட்கும். சில மோடம் அதையே நீட்டிக் கொடுத்துவிடும். ஆகவே அந்த மெஷினின் மெனுவிலேயே போய் 192.168.1.21 என்று போட்டுவிட்டு, அதன் பிறகு டேலி மெஷினை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

192.168.0ல் மாட்டிக்கொண்ட மெஷின்களில் 'ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்', பிறகு 'ஐபிகான்ஃபிக் /ரினியூ'. கையால் போட்ட 8.8.8.8ஐ எடுத்து தானியங்கிக்குத் திருப்புங்கள். அது கெடுதல் செய்யவில்லை, ஆனால் ஆறு மாதம் கழித்து வேறொரு கோளாறைத் தேடும்போது இது ஏன் இங்கே இருக்கிறது என்று ஒரு மணி நேரம் போகும்.


வேகவேலு | திங்கள், மதியம் 1:32

சரி, ரீசெட் சொன்னது என் அவசரம். ஆனா ஒரு யோசனை: 11 மெஷினுக்கும் கையால ஐபி போட்டுட்டா இந்த டிஹெச்சிபி தலைவலியே இருக்காதே?


பாக்கெட்_பாண்டி | திங்கள், மதியம் 1:50

இருக்காது, வேற தலைவலி வரும். லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா அங்க நெட் வராது. மோடம் ஐபி மாறினா 11 மேசைக்கும் நடக்கணும். எந்த நம்பர் யாருக்குன்னு ஒரு நோட்டு, அந்த நோட்டைத் தொலைக்கறதுக்கு ஒரு ஆள்.

மோடத்துல மேக் வச்சு ரிசர்வ் பண்றதுதான் என் ஓட்டு. மெஷின் பக்கம் எல்லாம் தானியங்கி, நம்பர் மட்டும் மாறாது.


ஸ்விட்ச்போர்டு | திங்கள், மதியம் 2:15

பாண்டி சொல்லும் ரிசர்வேஷனில் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பட்டியல் இணைய நிறுவனம் கொடுத்த மோடத்துக்குள் இருக்கிறது. மோடம் கெட்டு அவர்கள் வேறொன்றைக் கொண்டுவந்து வைத்தால் பட்டியலும் போய்விடும். சில நேரம் தூரத்திலிருந்தே ஃபர்ம்வேர் ஏற்றி எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அன்றைக்கு டேலி மெஷின் 137 என்று எழும், எல்லா மேப்பும் அறும்.

சின்ன ஆபீசுக்கு என் வழி: மற்றவர்கள் தேடிவரும் சாதனங்களுக்கு மட்டும் கையால் ஐபி. இங்கே டேலி மெஷின், பிரிண்டர், வருகைப் பதிவு, ரிசப்ஷன் ரவுட்டர், மொத்தம் நான்கு. தேடிப்போகும் மெஷின்கள் எல்லாம் டிஹெச்சிபியிலேயே இருக்கட்டும்.

ரிசர்வேஷன்தான் வேண்டும் என்றால் வைஃபை மெஷின்களில் 'ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்' அணைந்திருக்கிறதா பாருங்கள். ஆனில் இருந்தால் மேக் மாறும், ரிசர்வேஷன் பொருந்தாது.


பாக்கெட்_பாண்டி | திங்கள், மதியம் 2:22

மோடம் மாத்தற கதை நியாயம். நாலுக்கு மட்டும் கையால, ஒத்துக்கறேன்.


மொட்டைமாடி | திங்கள், மாலை 4:03

குறுக்கே வந்ததுக்கு மன்னிக்கவும். வீட்டு லேப்டாப்ல வாட்ஸ்அப் வேலை செய்யுது, ஆனா டாஸ்க்பார்ல "இன்டர்நெட் இல்லை" குறி நிக்குது. சில சமயம் எந்த வெப்சைட்டும் திறக்காது. போன்ல அதே வைஃபை நல்லா ஓடுது. இதுவும் டிஹெச்சிபிதானா?


லினக்ஸ்_லோகு | திங்கள், மாலை 4:30

மொட்டைமாடி, உங்களுடையது டிஎன்எஸ் மாதிரி இருக்கிறது. இந்த வரிசையில் பிங் அடியுங்கள்: கேட்வே, பிறகு 8.8.8.8, பிறகு ஏதாவது ஒரு தளத்தின் பெயர். முதல் இரண்டுக்கும் பதில் வந்து மூன்றாவதில் "ஹோஸ்ட் கிடைக்கவில்லை" என்றால் டிஎன்எஸ்தான். (127.0.0.1, அதாவது மெஷின் தன்னையே குறிக்கும் முகவரியை, பிங் செய்யச் சொல்லி நிறைய இடத்தில் எழுதியிருப்பார்கள். கேபிளைப் பிடுங்கினாலும் அதற்குப் பதில் வரும். நேரம் வீண்.)

அடுத்து 'என்எஸ்லுக்அப்' அடித்து ஒரு தளத்தின் பெயர் கொடுங்கள். முதல் வரியில் எந்த சர்வரிடம் கேட்கிறது என்று வரும். அது உங்கள் ரவுட்டரும் இல்லை, நீங்கள் போட்டதும் இல்லை என்றால், எப்போதோ நிறுவிய விபிஎன் அல்லது விளம்பரத் தடுப்பான் விட்டுப்போனது. அடாப்டர் ப்ராபர்ட்டீஸ் > ஐபிவி4 போய் டிஎன்எஸ் தானியங்கி என்று வையுங்கள். பிறகு 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்'.

ப்ராக்ஸியையும் (நெட்டுக்கு நடுவில் நிற்கும் இடைத்தரகர்) பாருங்கள். செட்டிங்ஸ் > நெட்வொர்க் > ப்ராக்ஸியில் கைமுறை ப்ராக்ஸி ஆனில் 127.0.0.1 என்று கிடந்தால் ஏதோ ஒரு மென்பொருள் வைத்துவிட்டு அழிந்திருக்கிறது. பிரவுசர் திறக்காது, ஆனால் ப்ராக்ஸியை மதிக்காத ஆப்கள் ஓடும். உங்கள் வாட்ஸ்அப் ஓடுவதற்கு இதுவும் காரணமாகலாம்.

"இன்டர்நெட் இல்லை" குறி தனி விஷயம். விண்டோஸ் 'எம்எஸ்எஃப்டிகனெக்ட்டெஸ்ட்' என்ற மைக்ரோசாஃப்ட் முகவரியிலிருந்து ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலை எடுத்துப் பார்க்கும். கிடைக்கவில்லை என்றால் நெட் இருந்தாலும் இல்லை என்று எழுதிவிடும். விளம்பரத் தடுப்பு டிஎன்எஸ் அந்தப் பெயரை மறித்தாலே இது நடக்கும்.

கடைசியாக லேப்டாப் தேதியைப் பாருங்கள். வருஷம் தப்பாக இருந்தால் எல்லா ஹெச்டிடிபிஎஸ் தளமும் சான்றிதழ் பிழை காட்டும், பார்க்க நெட் கோளாறு மாதிரியே இருக்கும். டெஸ்க்டாப்பாக இருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்ததாக எடுத்துக்கொள்ளலாம்.


மொட்டைமாடி | திங்கள், மாலை 5:11

ப்ராக்ஸி! 127.0.0.1, போர்ட் 8080ன்னு ஆன்ல கிடந்தது. அணைச்சேன், எல்லாம் வந்துடுச்சு. நன்றி.


நூல்கண்டு | செவ்வாய், காலை 11:20

நேத்து சாயங்காலம் சொன்ன வரிசையிலயே செஞ்சாச்சு. இன்னைக்குக் காலையில டேலி தவிர மத்த 10 மெஷினும் 192.168.1.1xx. டேலி மெஷின் 192.168.1.10, 'ப்ரிஃபர்டு'.

மூணு பாக்கி இருக்கு.

ஒண்ணு: டேலி மெஷின்ல நெட் வருது, ஆனா மத்தவங்க மேப் டிரைவைத் திறந்தா "நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை". பிங்கும் இல்ல.

ரெண்டு: மூலை மேசை மெஷின் மட்டும் ஃபைல் காப்பி ரொம்ப மெதுவு. மத்ததுல செகண்டுக்கு 100 எம்பி தாண்டுது, அதுல 11 எம்பி.

மூணு: ஒரு வங்கித் தளம் எல்லா மெஷின்லயும் லாகின் பேஜ் பாதி வந்து சுத்திட்டே நிக்குது. போன் டேட்டாவுல அதே தளம் திறக்குது.


பாக்கெட்_பாண்டி | செவ்வாய், காலை 11:45

ஒண்ணு: விண்டோஸ் ஒரு நெட்வொர்க்கை அடையாளம் வச்சுக்கறது கேட்வேயோட மேக் முகவரியை வச்சு. மோடம் மாறினதால "இது புது இடம்"னு நினைச்சு பப்ளிக்ல போட்டிருக்கும். பப்ளிக்னா ஃபைல் ஷேரிங்கும் பிங்கும் ஃபயர்வால்ல அடைப்பு. டேலி மெஷின்ல செட்டிங்ஸ் > நெட்வொர்க் > ஈதர்நெட் போய் 'பிரைவேட்'னு மாத்துங்க. ஃபயர்வாலை மொத்தமா அணைக்கச் சொல்லி யாராவது வருவாங்க. அணைக்காதீங்க.


செம்புக்கம்பி | செவ்வாய், மதியம் 12:20

இரண்டாவது. செகண்டுக்கு 11 எம்பி என்ற எண்ணைக் கேட்டதுமே தெரிகிறது. 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5, மேல்செலவு போக 11 சொச்சம். அந்த மெஷின் கிகாபிட்டில் இணையவில்லை, 100ல் இணைந்திருக்கிறது. அடாப்டர் ஸ்டேட்டஸில் ஸ்பீடு பாருங்கள், 100 எம்பிபிஎஸ் என்றிருக்கும்.

100 மெகாபிட்டுக்கு கேபிளில் இரண்டு ஜோடி போதும்: 1, 2, 3, 6ம் பின்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி விட்டிருந்தாலும் மெஷின் சத்தம் போடாமல் 100க்கு இறங்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

முதலில் மேசைப் பக்கத்து பேட்ச் கார்டை நல்ல மெஷினிலிருந்து எடுத்து மாற்றுங்கள். சரியாகவில்லை என்றால் ஸ்விட்சில் வேறு போர்ட். அதிலும் இல்லை என்றால் சுவருக்குள் போகும் கேபிளின் இரண்டு முனையையும் வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்ய வேண்டும். வரிசை, கிளிப் கீழே இருக்க, இடமிருந்து வலம்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு.

நிறைய பேர் தவறுவது இதில்தான். ஜோடி ஜோடியாக ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு முனையிலும் அதே மாதிரி அடித்துவிடுவார்கள். எட்டு விளக்கு டெஸ்டர் 1 முதல் 8 வரை அழகாக எரியும். டெஸ்டர் பார்ப்பது கம்பி ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகிறதா என்று மட்டும். 3ம் 6ம் ஒரே முறுக்கில் இருக்கின்றனவா என்று அதற்குத் தெரியாது. முறுக்கு மாறினால் பக்கத்து ஜோடியின் சிக்னல் கலக்கும், வேகம் இறங்கும், காப்பி நடுவில் நிற்கும். கனெக்டருக்கு முன்னால் முறுக்கைப் பிரிப்பதும் 13 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

கேபிளை வெட்டும்போது கம்பியின் முனையைப் பாருங்கள். வெளியே செம்பு நிறம், வெட்டிய இடத்தில் வெள்ளி நிறம் என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். நாலு தடவை வளைத்தால் ஒடியும். அப்படியானால் கிரிம்பில் நேரத்தைச் செலவழிக்காமல் அந்த ஒரு இழுப்பை மட்டும் முழுச் செம்பு கேட் 6ல் மாற்றிவிடுங்கள்.


ஸ்விட்ச்போர்டு | செவ்வாய், மதியம் 12:48

மூன்றாவதில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) மேல் சந்தேகம். ஃபைபர் மோடம் யூசர்நேம் பாஸ்வேர்டு போட்டு இணைகிறது என்றால் அது பிபிபிஓஇ. ஒவ்வொரு பாக்கெட்டிலும் அதற்கு 8 பைட் போகும். 1500ல் 8 போனால் 1492. மோடத்தின் வேன் பக்கத்தில் எம்டியு 1500 என்று கிடந்தால் பெரிய பாக்கெட் நுழையாது. சாதாரணமாக "சின்னதாக்கி அனுப்பு" என்ற செய்தி அனுப்பியவருக்குத் திரும்பிப் போகும். வழியில் யாராவது அந்தச் செய்தியை மறித்தால் அனுப்பிய பக்கம் பெரிய பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். சின்னச் செய்திகள் போய்வருவதால் பேஜ் தொடங்கும், பாதியில் தொங்கும். எல்லாத் தளமும் ஓடி ஒன்றிரண்டு மட்டும் மாட்டுவது இதன் அடையாளம்.

சோதனை: 'பிங் 8.8.8.8 -எஃப் -எல் 1472'. எஃப் என்றால் துண்டாக்காதே, எல் என்றால் அளவு. 1472உடன் 28 பைட் தலைப்பு சேர்ந்தால் 1500. பதில் வராமல், 'பிங் 8.8.8.8 -எஃப் -எல் 1464' அடித்தால் வந்தால், பாதையின் அளவு 1492. மோடத்தில் வேன் எம்டியுவை 1492 ஆக்குங்கள். எம்எஸ்எஸ் கிளாம்பிங் என்று ஒரு டிக் இருந்தால் அதையும் போடுங்கள். 11 மெஷினிலும் தனித்தனியாக எம்டியு மாற்றச் சொல்வார்கள், அது தேவையில்லை, ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.


நூல்கண்டு | செவ்வாய், மாலை 6:34

பப்ளிக்லதான் இருந்தது. பிரைவேட் ஆக்கினதும் எல்லா மேப் டிரைவும் திறந்துச்சு.

1472க்கு 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்', 1464க்குப் பதில் வந்துச்சு. வேன் எம்டியு 1500ன்னுதான் இருந்தது. 1492 போட்டதும் வங்கித் தளம் உடனே திறந்துச்சு.

மூலை மேசை: பேட்ச் கார்டு, போர்ட் ரெண்டும் மாத்தியும் 100தான். சுவர் முனையை வெட்டிப் பார்த்தா உள்ளே வெள்ளி நிறம், அலுமினியமேதான். சுமார் 25 மீட்டர் புதுசா இழுக்கணும், ஞாயித்துக்கிழமை ஆள் வருது. அதுவரைக்கும் 100லயே ஓடட்டும்.


செம்புக்கம்பி | செவ்வாய், இரவு 7:02

ஞாயிற்றுக்கிழமை இழுக்கும்போது ஒன்றுக்கு இரண்டாகப் போடச் சொல்லுங்கள், கூலி அதேதான். கரண்ட் வயர் போகும் பைப்புக்குள் மட்டும் விடக் கூடாது.

இன்னொன்று. கரண்ட் போய் வந்த பிறகு மெஷின்கள் மோடத்துக்கு முன்னால் எழுந்துவிட்டால் 169.254 காட்டும். பதற வேண்டாம், விண்டோஸ் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை தானாக மறுபடி கேட்கும். அவசரமென்றால் கேபிளைக் கழற்றிச் செருகலாம். மோடத்தையும் ஸ்விட்சையும் யுபிஎஸ்ஸில் மாற்றிவிட்டால் அதுவும் இருக்காது.


ஸ்விட்ச்போர்டு | செவ்வாய், இரவு 7:15

ரிசப்ஷன் ரவுட்டர் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்: "192.168.1.2, டிஹெச்சிபி ஆஃப், ரீசெட் பின் குத்தாதே". வைஃபை பாஸ்வேர்டு மறந்துபோய் யாராவது அந்த ஓட்டையில் குத்தினால் அது மறுபடி 192.168.0.1 ஆகி ஐபி கொடுக்க ஆரம்பித்துவிடும். அன்றைக்கு இந்த இழையை முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.